தோணி பழகியவர்கள் ரோயிங் படகில் விடுகிற பிழைகள்

மட்டக்களப்பில் வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் புதிதில்லை. மாமாவின் தோணியில் ஏறி வலை பார்க்கப் போயிருப்பான், கல்லடிப் பாலத்தடியில் தூண்டில் போட்டிருப்பான். அதனால் பல்கலைக்கழகத்தில் ரோயிங் (துடுப்புப் படகோட்டம்) கிளப்புக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறான். நானும் கொழும்பில் படிக்கும்போது அப்படித்தான் கொடுத்தேன். இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வரும் தம்பி தங்கைகளோடு வாவியில் படகு இறக்கும்போது, நான் விட்ட பிழைகளையே அவர்களும் விடுவதைப் பார்க்கிறேன். உடம்பை எப்படி அசைப்பது என்பதைக் கிளப்பிடம் முதலிலிருந்து படிக்க வேண்டும். தண்ணீரைப் பற்றி மட்டும் ஊர் மீனவரிடம் கேட்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நீச்சல். நீந்தத் தெரியாததை வெட்கத்தில் மறைப்பதைப் போல ஆபத்தான பிழை இந்த விளையாட்டில் வேறு இல்லை. போட்டிப் படகில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் உயிர்காப்பு அங்கி போடுவதில்லை. அதனால்தான் உடுப்போடு 50 மீற்றர் நீந்தி, ஒரே இடத்தில் மிதந்தும் காட்டச் சொல்கிறார்கள். தெரியாவிட்டால் சொல்லிவிடுங்கள். இரண்டு மாதம் கரையில் பயிற்சி செய்துகொண்டே நீச்சல் பழகலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

நீந்தத் தெரிந்தவர்கள் விடுகிற பிழை வேறு. படகு கவிழ்ந்ததும் கரை கிட்டத்தானே என்று நீந்தத் தொடங்கிவிடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. கவிழ்ந்த படகு பெரும்பாலும் மூழ்காது, மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, முடிந்தால் அதன் முதுகில் ஏறிக் குப்புறப் படுத்துக் கையை அசைத்து ஆளைக் கூப்பிட வேண்டும். எங்கள் வாவியில் முதலையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆழம் குறைவு, நின்றுவிடலாம் என்று நினைப்பதும் பிழை. பல இடங்களில் அடியில் இருப்பது சேறு, கால் புதையும்.

இனிப் படகு. ஒற்றையாள் படகு சுமார் 8 மீற்றர் நீளம், எடை வெறும் 14 கிலோ, அகலமோ ஒரு அடி அளவுதான். தோணியில் ஏறுவதுபோல நடுவில் காலை வைத்தால் அடித்தட்டு உடைந்து கால் தண்ணீருக்குள் போய்விடும். இருக்கை ஓடும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில், மிதிக்க என்றே ஒரு பலகை உண்டு. கால் அதில் மட்டும்தான் பட வேண்டும். ஏறும்போது இரண்டு துடுப்பின் பிடிகளையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்திருங்கள். துடுப்புகள்தான் அந்தப் படகுக்கு இறக்கை. ஓட்டத்தின் நடுவில் பயந்துபோய் ஒன்றைக் கைவிட்டாலும் அந்த நொடியே கவிழும்.

தோணி பழகியவர்களை அதிகம் ஏமாற்றுவது கைதான். தோணியில் நாம் போகிற திசையைப் பார்த்து, தோளாலும் கையாலும் வலிக்கிறோம். இங்கே முதுகைக் காட்டி உட்கார்கிறோம், பலம் வருவது காலிலிருந்து. துடுப்பு தண்ணீரில் இறங்கியதும் முதலில் கால் தள்ள வேண்டும், பிறகு முதுகு சாய வேண்டும், கடைசியாகத்தான் கை மடங்கி நெஞ்சுக்கு வர வேண்டும். திரும்பும்போது கை, முதுகு, கால் என்று வரிசை மாறும். புதியவர்கள் எடுத்த எடுப்பில் கையை மடக்கி இழுக்கிறார்கள். பத்து நிமிடத்தில் முன்னங்கை கல்லாகிவிடும், படகோ நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும்.

போன விடுமுறையில் ஒரு தங்கை முதல் நாளே உள்ளங்கை முழுக்கக் கொப்புளத்தோடு கரைக்கு வந்தாள். பிடியை அவ்வளவு இறுக்கியிருந்தாள், விரல் மூட்டெல்லாம் வெளிறிப்போயிருந்தது. அடுத்த நாள் கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னேன். வாளியைத் தூக்கும்போது யாரும் உள்ளங்கையால் நசுக்குவதில்லை. விரல்கள் கொக்கிபோல் வளைந்து பாரத்தைத் தாங்கும், மணிக்கட்டு நேராக இருக்கும். துடுப்புக்கும் அதே பிடிதான். இரண்டாம் நாள் அவளுக்குப் புதிய கொப்புளம் வரவில்லை.

பிடி இறுகினால் இன்னொரு கரைச்சலும் உண்டு. துடுப்பின் தட்டையான முனை சரியாகத் திரும்பாமல் சாய்வாக இறங்கி, தண்ணீருக்குள் ஆழமாக மாட்டிக்கொள்ளும். இதை நண்டு பிடிப்பது என்பார்கள். படகு ஓடிக்கொண்டே இருப்பதால் பிடி திரும்பி வந்து வயிற்றில் இடிக்கும், வேகமாக இருந்தால் ஆளையே தூக்கி வெளியே போடும். எதிர்த்து இழுக்காதீர்கள். பின்னால் சாய்ந்து, பிடியைத் தலைக்கு மேலால் போகவிட்டு, படகை நிறுத்தச் சொல்லிக் கத்துங்கள்.

அவசரமும் ஒரு பிழை. துடுப்பை இழுத்த பிறகு இருக்கையை முன்னால் கொண்டுவருவதை ஆறுதலாகச் செய்ய வேண்டும். இழுக்க ஒரு பங்கு நேரம் என்றால் திரும்ப இரண்டு பங்கு. எட்டுப் பேர் ஓட்டும் படகில் எல்லோரும் சட்டென்று முன்னுக்கு ஓடிவந்தால் அவர்கள் உடம்பின் பாரமே படகைப் பின்னுக்குத் தள்ளும். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 18 முதல் 20 இழுப்பு போதும். கரையில் இருக்கும் ரோயிங் மெஷினிலும் இதே கதைதான். பக்கத்திலுள்ள, இழுவையின் கனத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை 10இல் வைத்தால் பலசாலி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது முதுகைத்தான் வாங்கும். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் வைத்து, வரிசை பிசகாமல் பழகுங்கள்.

அப்புறம் உடுப்பு. தொளதொளத்த டீசேர்ட்டில் துடுப்பின் பிடி மாட்டும், சால்வை இருக்கையின் சில்லில் சுற்றும். உடம்பை மூட வேண்டும் என்று நினைக்கிற தங்கைகள் உடம்போடு ஒட்டிய முழுக்கை, முழுக்கால் விளையாட்டு உடுப்போடு தாராளமாக வரலாம். இதைச் சொல்ல ஆளில்லாமல் வராமலே இருந்துவிட்ட பிள்ளைகள் உண்டு என்பது எனக்குக் கவலை.

இனித் தண்ணீரும் காற்றும். கொழும்பில் பேரே வாவியில் பழகிவிட்டு வருகிறவர்கள் மட்டக்களப்பு வாவியையும் அதைப்போல எண்ணிவிடுகிறார்கள். இது ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கடலோடு சேர்கிற நீர். விடியற்காலையில் கண்ணாடிபோல் கிடக்கும், மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் வெயில் ஏற ஏறக் காற்று எழும்பிவிடும். படகின் விளிம்பு தண்ணீருக்குக் கொஞ்சம் மேலேதான், சின்ன அலையும் உள்ளே வந்துவிடும். தேர்ந்தவர்களுக்கும் இது நடக்கிறது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் தேம்ஸ் ஆற்றில் மோதும் போட்டியில் 1912இல் இரண்டு படகிலும் தண்ணீர் நிறைந்தது, 1978இல் கேம்பிரிட்ஜ் படகு மூழ்கியது. ஆகவே 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஒரு சுற்று போய் வருவோம்' என்று காற்றில் இறங்க வேண்டாம். இடி கேட்டால் உடனே கரைக்கு வாருங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் இறங்கக் கூடாது.

மாரியில் வெள்ளத்தோடு ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) மிதந்து வரும், மரக்கட்டையும் வரும். வாவி கடலில் சேரும் இடத்திலுள்ள மணலை வெட்டி ஆற்றுவாயைத் திறந்திருக்கும் நாட்களில் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும், அப்போது முகத்துவாரம் பக்கம் போகவே கூடாது. பாலத்தின் தூண்களுக்கு நடுவில் நுழையும்போதும் தண்ணீரின் இழுப்பைப் பார்க்க வேண்டும். துடுப்பு விரிந்த ஒற்றையாள் படகுக்கே ஆறு மீற்றர் அகலம் தேவை.

நாம் முதுகைக் காட்டிப் போகிறோம் என்பதை இன்னொரு முறை சொல்கிறேன். படகு போகிற திசையில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சு வலையோடு நின்றிருக்கலாம், இரவில் போட்ட வலையின் மிதவை இருக்கலாம். கொக்ஸ் (வழி பார்த்துத் திருப்புகிறவர்) இல்லாத படகில் ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இறங்க முன் கரையில் நிற்கும் மீனவரிடம், "ஐயா, வலை எங்க கிடக்கு, முதலை எந்தப் பக்கம் நடமாடுது?" என்று கேளுங்கள். அவர் கையைக் காட்டிச் சொல்லும் ஒரு வரி எந்த வரைபடத்திலும் கிடைக்காது. வலை அறுந்தால் அவருடைய அன்றைய உழைப்பு போச்சு. பேசாமல் தப்பி வந்துவிட்டால் அடுத்த நாள் நம்மை யார் நம்புவார்?

படகைக் கழுவாமல் வைப்பது கடைசியாக வரும் பிழை, கிளப்பின் காசைத் தின்பதும் அதுதான். வாவித் தண்ணீர் உவர். ரிகர் (துடுப்பைத் தாங்கும் பக்கச் சட்டம்), ஆணி, இருக்கையின் சில்லு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, படகை நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும். தூக்கும்போது ரிகரைப் பிடிக்காதீர்கள், படகின் உடலைப் பிடியுங்கள். கொட்டகையில் ஒரு கொப்பி இருக்கட்டும். யார் போனார்கள், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று இறங்க முன் எழுதுங்கள். திரும்பி வந்து, பக்கத்தில் நேரத்தைப் போட்ட பிறகுதான் கொட்டகையைப் பூட்ட வேண்டும்.