ஓடையில் இறங்குமுன் கரையில் ஒரு கல்

கொடைக்கானல் பக்கம் ஓடையிலோ அருவியிலோ இறங்குமுன், தண்ணீர் விளிம்பை ஒட்டி உள்ளங்கை அளவில் ஒரு கல்லை வையுங்கள். கரையில் உட்காரும் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். கல் நனைந்தாலோ, தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியுமாக மிதந்து வந்தாலோ உடனே எல்லோரும் கரையேறிவிட வேண்டும். துண்டு, செருப்பு எடுக்கவெல்லாம் நிற்காதீர்கள்.

நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும், அந்தத் தண்ணீர் திடீரென்று இறங்கி வரும். பெரியகுளம் அருகே கும்பக்கரை அருவிக்கு வருவது கொடைக்கானல் மலைத் தண்ணீர்தான், வெள்ளம் வந்தால் வனத்துறை அங்கே குளிக்கத் தடை போட்டுவிடும். தண்ணீருக்குள் நிற்பவருக்கு மட்டம் ஏறுவது சட்டென்று தெரியாது. அருவிச் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது, அதனால் கரையில் இருப்பவர் கையில் ஒரு விசில் கொடுத்துவிடுங்கள்.

நீலகிரியில் பைக்காரா போல அணைக்குக் கீழே உள்ள ஆறுகளில் இந்தக் கல் உதவாது. மதகைத் திறந்தால் கலங்கல் எதுவும் காட்டாமலே தண்ணீர் வந்துவிடலாம். அங்கே இறங்கவே கூடாது. தடை போட்ட இடமும் அப்படித்தான். வழுக்குப் பாறை, ஆழமான கசம் (நீருக்குள் இருக்கும் பள்ளம்) இவற்றைப் பற்றியும் அந்தக் கல் எதுவும் சொல்லாது.