சோயா பால் மெஷினில் பால், அதிலிருந்து கெட்டித் தௌஹு

சோயா பால் மெஷினோடு வரும் சின்னப் புத்தகத்தில் குடிக்கிற பாலுக்கான அளவுதான் இருக்கும். அதே அளவில் பாலெடுத்துத் தௌஹு (சோயா பாலை உறையவைத்துச் செய்யும் டோஃபு) செய்ய உட்கார்ந்தால் சரியாக உறையாது. உறைந்தாலும் துணியைப் பிரிக்கும்போது ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். தௌஹுவுக்குப் பால் கெட்டியாக இருக்க வேண்டும், உறைப்பொடி ஊற்றும் நேரத்தில் சூடு சரியாக இருக்க வேண்டும். மெஷின் இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளாது, நாம்தான் பார்க்க வேண்டும்.

புரட்டாசி சனிக்கிழமை விரதத்தோடு பினாங்கில் சீனர்களின் ஒன்பதாம் மாதச் சைவ நாள்களும் பெரும்பாலும் சேர்ந்து வரும். கோயில்களிலும் கடைகளிலும் மஞ்சள் கொடி ஏறிவிட்டால், எங்கள் பக்கத்துப் பசாரில் காலை எட்டு மணிக்கே தௌகுவா (அழுத்திய கெட்டித் தௌஹு) தட்டு காலியாகிவிடுகிறது. வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தது அதனால்தான். இப்போது பழகிவிட்டது, மற்ற மாதங்களிலும் செய்கிறேன்.

எந்த மெஷின்?

இரண்டு வகை இருக்கிறது. மூடியிலேயே மோட்டார், அதன் அடியில் கத்தி, உள்ளே எவர்சில்வர் பாத்திரம் என்று இருப்பது பழைய வகை. புதிய வகையோ அதிவேகத்தில் அரைத்து, 'வடிகட்டவே வேண்டாம்' என்று விற்கப்படுவது. குடிப்பதற்கு மட்டும் என்றால் புதியது நன்றாகவே இருக்கும். தௌஹுவுக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். சக்கையை அது அவ்வளவு மையாக அரைத்துவிடுவதால் துணி வழியாகவே பாலில் இறங்கிவிடும். தௌஹு மணல் மணலாக வரும், கத்தி வைத்தால் உதிரும்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் கவனிக்க: சீனாவிலிருந்து வரும் 220 வோல்ட் மெஷின் நம் ஊர் மின்சாரத்தில் ஓடும், பிளக் மாற்றி மட்டும் வேண்டும். அமெரிக்காவுக்கென்று செய்த 110 வோல்ட் மெஷினை நேராகச் சொருகினால் அன்றோடு அதன் கதை முடிந்தது.

மெஷின் இல்லையா? பிளெண்டரும் பெரிய பானையும் போதும். அதையும் கீழே சொல்கிறேன்.

ஊறவைப்பது

சோயா மொச்சை 240 கிராம். பினாங்கு லெபோ பசார் பக்கம் மளிகைக் கடைகளிலும் கிடைக்கும், சீன மளிகைக் கடைகளிலும் கிடைக்கும். பழைய சரக்கு வேண்டாம். தோல் சுருங்கி, நிறம் மங்கியிருந்தால் எவ்வளவு ஊறவைத்தாலும் பால் குறைவாகத்தான் வரும்.

குளிர் நாட்டுச் செய்முறைகளில் 12 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். நம் வெக்கைக்கு ஆறு மணி நேரமே தாராளம். அதற்கு மேல் வெளியில் வைத்தால் தண்ணீரில் நுரை கட்டி, லேசாகப் புளித்த வாடை வரும். இரவு முழுக்க ஊறவைக்க வேண்டுமானால் ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். இதே காரணத்துக்காக, மெஷினில் இரவே மொச்சையைப் போட்டுக் காலைக்கு டைமர் வைக்கும் வசதியை நான் தொடுவதில்லை.

ஊறிவிட்டதா என்று பார்க்க ஒரு மொச்சையை இரண்டாகப் பிளந்து உள்பக்கத்தைப் பாருங்கள். பருப்பின் முகம் சமதட்டையாக, ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறத்தில் இருந்தால் சரி. நடுவில் குழி விழுந்து மஞ்சளாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். தோலை நீக்க வேண்டுமென்றில்லை. அலசும்போது மிதந்து வருவதை மட்டும் வழித்துப் போட்டால் போதும்.

அரைப்பது

குடிக்கும் பாலுக்கு 100 கிராம் மொச்சைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் சரியாக இருக்கும். தௌஹுவுக்கு 240 கிராமுக்கு 1.8 லிட்டர். வீட்டு மெஷின் இவ்வளவையும் ஒரே தடவையில் கொள்ளாது. அதனால் பாதி மொச்சையும் 900 மில்லி தண்ணீருமாக இரண்டு தடவை ஓட்டுங்கள். தண்ணீர் கீழ்க்கோட்டுக்குக் குறையக் கூடாது, மொச்சையும் புத்தகத்தில் சொல்லும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. உங்கள் மெஷின் சின்னதென்றால் மூன்று தடவையாகப் பிரியுங்கள்.

மூடியின் அடியில் ஒரு சின்ன உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். நுரை பொங்கி அதைத் தொட்டதும் சூடு தானாக நிற்கும், நுரை இறங்கியதும் மறுபடி தொடங்கும். மெஷின் நடுவில் நின்று நின்று ஓடுவது பழுது அல்ல. அந்தக் குச்சியில் போன தடவைப் பால் காய்ந்து ஒட்டியிருந்தால்தான் கணக்கு தப்பி, பால் பொங்கி மேடையெல்லாம் வழியும். கழுவும்போது குச்சியையும் தேய்க்க மறக்காதீர்கள்.

பிளெண்டரில் அரைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை மொச்சை வாடை வருவதற்குக் காரணம் லிபாக்சிஜினேஸ் என்ற நொதி. மொச்சை உடைந்து தண்ணீரில் கலந்ததுமே அது வேலையைக் காட்டத் தொடங்கிவிடும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றி அரைத்தால் அந்தச் சூட்டில் அது செயலிழக்கும், வாடையும் வராது. 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து சொன்ன வழி இது. ஆனால் சூடாக அரைத்தால் புரதம் சற்றுக் குறைவாகவே பாலில் இறங்கும், தௌஹுவும் கொஞ்சம் குறையும். ஆகவே குடிக்கும் பாலுக்கு வெந்நீர், தௌஹுவுக்குப் பச்சைத் தண்ணீர் என்பது என் வழக்கம். வெந்நீரில் அரைக்கும்போது ஜாடியில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடியின் நடு ஓட்டையைத் திறந்து, மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு வரும்.

வடிகட்டுவது

கடையில் விற்கும் நைலான் பையைவிடப் பழைய பருத்தி வேட்டித் துணிதான் எனக்குப் பிடிக்கும். துவைத்துத் துவைத்து நெசவு நெருங்கிப்போன துணியில் சக்கை நன்றாக நிற்கும். புது வேட்டி என்றால் கஞ்சி போகக் கொதிக்கவைத்து அலசிவிடுங்கள். துணிக்குப் போட்ட சோப்பு வாசனையும் இருக்கக் கூடாது, தௌஹுவில் அப்படியே ஏறும்.

மெஷினிலிருந்து வருவது கொதிக்கும் பால். பத்து நிமிடம் ஆறவிட்டு, பெரிய கரண்டியின் முதுகால் அழுத்தி, பிறகு கையால் முறுக்கிப் பிழியுங்கள். கடைசியில் வருவதுதான் கெட்டிப் பால், அதை விட்டுவிடாதீர்கள்.

கொதிக்கவைப்பது

இரண்டு தடவைப் பாலையும் ஒரே பானையில் ஊற்றி அடுப்பில் வையுங்கள். பால் கொள்ளும் அளவைப் போல இரண்டு மடங்கு பானை வேண்டும். சோயா பால் 80 டிகிரியைத் தாண்டும்போதே நுரை எழும்பிப் பொங்கும். கொதித்துவிட்டது என்று நினைத்து அடுப்பை அணைத்துவிடக் கூடாது, அது பொய்க் கொதி. மொச்சையில் உள்ள சபோனின்தான் அப்படி நுரைக்கிறது. தீயைக் குறைத்து, நுரையை வழித்து, அடி பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருங்கள். நுரை அடங்கி உண்மையாகக் கொதி வரும். பிளெண்டர் பால் என்றால் அதற்குப் பிறகு முழுதாகப் பத்து நிமிடம் கொதிக்க வேண்டும். பச்சை மொச்சையில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, வேகாத பாலைக் குடித்தால் வயிறு சும்மா விடாது. மெஷின் பால் ஏற்கெனவே வெந்தது, அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

குடிப்பதற்கென்றால் இந்த இடத்தில் இரண்டு பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு இறக்கி, குலா மலாக்கா (தென்னை வெல்லம்) கொஞ்சம் சேர்த்தால் வேலை முடிந்தது. தௌஹுவுக்குப் போகும் பாலில் சர்க்கரையும் வேண்டாம், எதுவும் வேண்டாம்.

உறைய வைப்பது

நிதானம் தேவைப்படுவது இங்கேதான்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பாலை 75 முதல் 80 டிகிரிக்கு இறங்க விடுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் மேலே ஆடை படியும்வரை காத்திருங்கள், சில நிமிடங்களில் படியும். அந்த ஆடையை ஒரு குச்சியால் தூக்கி எடுத்து உலர்த்தினால் அதுதான் ஃபூச்சோக். பினாங்கு லோபாக் என்ற பொரித்த இறைச்சிச் சுருளைச் சுற்றியிருக்கும் தோல் இருக்கிறதே, அதுவும் இதே சரக்குதான். நான் உலர்த்துகிற வரை விடுவதில்லை, சோயா சாஸில் தொட்டு நின்றபடியே தின்றுவிடுவேன்.

சூடு அதிகமாக இருக்கும்போது ஊற்றினால் சட்டென்று திரிந்து சின்னச் சின்னக் குருணையாக, ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஆறிப்போன பிறகு ஊற்றினால் கொழகொழவென்று நிற்கும், துணியில் நிற்காது.

உறைப்பொடியில் என் முதல் தேர்வு ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். 240 கிராம் மொச்சைக்கு ஒன்றரைத் தேக்கரண்டி. உணவுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள், கட்டட வேலைக்கு விற்பதைத் தொடவே கூடாது. மெத்தென்று, கசப்பில்லாமல் வரும். ஜப்பானியர்களின் நிகாரி, அதாவது மெக்னீசியம் குளோரைடு, நல்ல ருசி தரும். ஆனால் கொஞ்சம் கூடினாலும் கசக்கும். வீட்டில் எதுவுமே இல்லையென்றால் நான்கு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. தௌஹு உதிரியாக, லேசான புளிப்போடு வரும். சம்பலுக்குப் போடுவதென்றால் அந்தப் புளிப்பு தெரியாது.

பொடியை அரைக் கப் தண்ணீரில் கலக்குங்கள். ஜிப்சம் முழுதாகக் கரையாது, அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் ஊற்றுவதற்கு முன் கலக்கிக்கொள்ள வேண்டும். பனீருக்கு எலுமிச்சை பிழிந்து கரகரவென்று கலக்குவோமே, அந்தக் கை இங்கே வேண்டாம். பாலை ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டு, மூன்றில் ஒரு பங்கை ஊற்றி, அகப்பையைச் செங்குத்தாக நிறுத்திச் சுழற்சியை நிறுத்துங்கள். இரண்டாம் பங்கை மேலாகத் தெளித்து மூடி, மூன்று நிமிடம் விடுங்கள். திறந்து பார்த்தால் சில இடம் திரிந்திருக்கும், சில இடம் இன்னும் பாலாகவே இருக்கும். மூன்றாம் பங்கைப் பாலாக இருக்கும் இடத்தில் மட்டும் விட்டு, மேல்பரப்பை மட்டும் லேசாக அளைந்து, மறுபடி மூடிப் பதினைந்து நிமிடம்.

கட்டிகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீரைப் பாருங்கள். தெளிந்த வெளிர் மஞ்சளாக இருந்தால் முடிந்தது. இன்னும் வெள்ளையாக இருந்தால் கால் தேக்கரண்டிப் பொடியைக் கரைத்து விட்டு, அடுப்பைக் குறைந்த தீயில் இரண்டு நிமிடம் வைத்து இறக்குங்கள்.

அழுத்துவது

மரப்பெட்டி வாங்கத் தேவையில்லை. ஓட்டை போட்ட சதுர பிளாஸ்டிக் டப்பா போதும். நனைத்த துணியை விரித்து, கட்டிகளை உடைக்காமல் அள்ளி வைத்து, துணியை மடித்து மேலே எடை வையுங்கள். அரைக் கிலோ கால் மணி நேரம் என்றால் மெத்தென்று இருக்கும். ஒன்றரைக் கிலோ 40 நிமிடம் என்றால் பொரிக்கத் தோதான தௌகுவா. துணியோடு பச்சைத் தண்ணீரில் போட்டு ஆறிய பிறகு பிரியுங்கள், சூட்டில் பிரித்தால் உடையும். ஏறக்குறைய 400 கிராம் கிடைக்கும். தண்ணீரில் மூழ்கவைத்து ஐஸ் பெட்டியில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றினால் மூன்று நாள் தாங்கும்.

பிறகு சேர்த்தது

சக்கையை என்ன செய்வது என்று பலர் கேட்டுவிட்டார்கள். வடைதான். ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்த கடலைப்பருப்பு இரண்டு பங்கு, சக்கை ஒரு பங்கு, வெங்காயம், சோம்பு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய். சக்கையை ஒட்டப் பிழிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெயில் பிரிந்துவிடும். மெஷின் சக்கை வெந்தது. பிளெண்டரில் பச்சையாக அரைத்து வடித்த சக்கை வேகாதது, வாணலியில் நன்றாக வதக்கிய பிறகே சேர்க்க வேண்டும். எப்படியானாலும் அன்றைக்கே பயன்படுத்துங்கள், அல்லது ஃபிரீசரில் போடுங்கள். மறுநாள் வெளியில் இருந்தால் வாடை அடித்துவிடும்.

பெட்டியில் விற்கும் சோயா பாலில் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். பெரும்பாலானவை நீர்த்தவை, சர்க்கரை கலந்தவை. பணத்தை வீணாக்காதீர்கள்.

தௌ ஃபூ ஃபா (பாகு ஊற்றிச் சாப்பிடும் மிருதுவான தௌஹு) வேண்டுமென்றால் ஜிப்சத்துக்குப் பதில் ஜிடிஎல் (குளுக்கோனோ டெல்டா லாக்டோன் என்ற உறைப்பொடி), பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் இருக்கும். ஒரு லிட்டர் கெட்டிப் பாலுக்கு 3 கிராம். அதைப் பாத்திரத்தில் இரண்டு கரண்டித் தண்ணீரில் கரைத்து, 85 டிகிரிக்கு மேலுள்ள பாலைச் சற்று உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றுங்கள். கரண்டி போடாதீர்கள். நுரையை மட்டும் எடுத்து மூடி, இருபது நிமிடம் பாத்திரத்தை அசைக்காமல் விடுங்கள். அதற்குள் இஞ்சி தட்டிப் போட்டு குலா மலாக்கா பாகு காய்ச்சிவிடலாம்.

மெஷின் அடியில் தீய்ந்து பிடித்தால் இரும்பு நார் போடாதீர்கள். தண்ணீரும் இரண்டு கரண்டி வினிகரும் ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மரக்கரண்டியால் சுரண்டுங்கள். மோட்டார் இருக்கும் மூடியை மட்டும் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.