குழு ஆரம்பிக்கும் முன் மொய் நோட்டைப் பாருங்கள்

ராமேஸ்வரம் கடற்கரையில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பெண்கள் சேமிப்புக் குழு ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது பதிவேடு எப்படி எழுதுவது, பேங்கில் என்ன கேட்பார்கள் என்றுதான். அது ஒரு வாரத்தில் பழகிவிடும். உங்கள் தெருவில் யாருக்கும் யாருக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நாள் பிடிக்கும், குழு நிற்பதும் உடைவதும் அங்கேதான்.

வீடு வீடாகப் போய் விசாரிக்க வேண்டாம். கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். வாங்கிய மொய்யைக் காலம் தவறாமல், கொஞ்சம் கூடவே போட்டுத் திருப்புகிறவர் யார், இழுத்தடிக்கிறவர் யார் என்று தெருவுக்கே தெரியும். கையில் காசு இல்லாத மாதத்திலும் மொய் செய்தவர் குழுத் தவணையையும் கட்டுவார். எந்தப் படிவமும் இதைச் சொல்லாது.

அடுத்தது முன்பணம். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர் மீனை அவருக்கே போட வேண்டும், விலையும் அவர் வைப்பதுதான். இது சுரண்டல்தான், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் வலை கிழிந்த அன்றோ, ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலோ அந்த வியாபாரி வீட்டுக் கதவைத்தான் தட்ட முடிகிறது, பேங்க் கதவை இல்லை. அதனால் உங்கள் குழு முதலில் கொடுக்க வேண்டியது தொழில் கடன் இல்லை, அவசரக் கடன். சின்னத் தொகையாக இருந்தாலும் கையிருப்பில் வையுங்கள், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் அன்று ராத்திரியே கொடுக்கலாம் என்று தீர்மானம் எழுதுங்கள். இது இல்லாமல் "வியாபாரியை விட்டு வாங்க" என்று யாரிடமும் சொல்லாதீர்கள், அவர்களால் வர முடியாது.

ஆள் சேர்ப்பதில்தான் நாங்கள் தவறினோம். எங்கள் தெருவில் முதலில் சேர்ந்த 14 பேரில் 9 பேர் ஒரே குடும்பத்துச் சொந்தம். நம்பிக்கை இருக்கும் என்று நினைத்தோம், இருந்தது, ஆனால் நாத்தனார் தவணை கட்டாதபோது அவரிடம் வாய்விட்டுக் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை, கேட்டால் அடுத்த விசேஷத்துக்கு அழைப்பு வராது என்ற பயம் வேறு. எட்டாவது மாதம் குழு நின்றுபோனது. பணம் போனதைவிட அந்த வீட்டோடு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதுதான் இன்னும் வலிக்கிறது.

அதனால் சொந்தத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். தொழிலும் கலந்திருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், எல்லார் வீட்டுக்காரரும் விசைப்படகுக்கே போகிறவர் என்றால் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் கடன் தேவைப்படும், கொடுக்கப் பணம் இருக்காது. தையல் தைக்கிறவர், கருவாடு விற்கிறவர், வளைகுடா நாட்டிலிருந்து மாதாமாதம் பணம் வருகிற வீட்டுப் பெண் என்று சேருங்கள். பக்கத்துத் தெருவிலிருந்தும் இரண்டு பேர் வேண்டும். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்குத் துப்புச் சொன்னவர் நெருங்கிய நண்பர் இல்லை, எப்போதாவது பார்க்கிற அறிமுகம் என்று காட்டினார். நம் ஊருக்கும் இது பொருந்தும்: உங்கள் அக்காவுக்குத் தெரிந்த கடல்பாசி விலை உங்களுக்கும் தெரிந்ததுதான், வேறு வியாபாரி என்ன விலைக்கு எடுக்கிறார் என்பது அடுத்த தெருக்காரர் வாயிலிருந்துதான் வரும்.

தவணைத் தேதியைக் கடலைப் பார்த்து வையுங்கள். பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் விசைப்படகுக்கு 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை உண்டு, பங்கு பிரித்த மறுநாள் கூட்டம் போட்டால் கையில் காசு இருக்கும். தடைக்காலத்துக்குப் பாதித் தவணை என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

கட்டாதவரை உடனே நீக்காதீர்கள். 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பொதுச் சொத்தை நெடுங்காலம் காப்பாற்றிய ஊர்களில் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதைக் கண்டார். முதல் தடவை பத்து ரூபாய், அடுத்து இருபது, மூன்றாம் முறை இரண்டு பேர் வீட்டுக்குப் போய் என்ன கஷ்டம் என்று கேட்டுவிட்டு வருவது, இப்படி வையுங்கள்.

விதி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு தீவுப் பக்கம் போவதே பிரச்சினையானது. அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015-ல், தீவுகளைக் காக்கும் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் பரிசும் கிடைத்தது. ஒரே வள்ளத்தில் போய் ஒரே தண்ணீரில் மூழ்குகிறவர்கள், விதியை மீறி இறங்கினால் மதியத்துக்குள் தெரிந்துவிடும். உங்கள் விதியும் அப்படிக் கண்ணால் பார்த்தே சரிபார்க்கிற மாதிரி இருக்கட்டும்.

பேங்க் விஷயம் சுலபம்: 10 முதல் 20 பேர், ஆறு மாதம் ஒழுங்கான கூட்டமும் கணக்கும் இருந்தால் கடன் கேட்கலாம், விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 1992-லேயே தொடங்கிய ஏற்பாடு இது.

அப்புறம், பதிவேட்டை ஒரே ஆளிடம் விடாதீர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லார் கணக்கையும் சத்தமாக வாசியுங்கள், எழுதப் படிக்கத் தெரியாத அக்காவும் தன் கணக்கைக் காதால் கேட்டுச் சரிபார்த்துவிடுவார்.