பிள்ளைகளை மியூசியத்துக்கு அழைத்துப் போகிறீர்களா? எழும்பூரை வைத்து ஒரு செய்முறை

பள்ளிச் சுற்றுலா என்றாலே எழும்பூர் அரசு அருங்காட்சியகம் பட்டியலில் இருக்கும். காலையில் மியூசியம், மதியம் வண்டலூர் அல்லது மெரினா. நூறு பிள்ளைகள் வரிசையாக நுழைந்து, "தொடாதே, நிக்காதே, நட நட" என்ற அதட்டலுக்கு நடுவே எல்லாக் கட்டடங்களையும் சுற்றிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். மறுநாள் வகுப்பில் கேட்டால் திமிங்கலத்தின் எலும்புக்கூடு மட்டும் நினைவிருக்கும். 1851-இல் தொடங்கிய, இந்தியாவில் கொல்கத்தாவுக்கு அடுத்துப் பழமையான அருங்காட்சியகம் அது. பழைய சென்னைக்காரர்கள் 'செத்த காலேஜ்' என்று சொன்ன இடம். அங்கே போய் இவ்வளவு குறைவாகப் பார்த்துவிட்டு வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் சொல்லும் முறை இதுதான்: ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு கூடம். அதில் நான்கைந்து பொருள்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடம். மற்றக் கூடங்களை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். முதன்முறை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன், வீட்டுப் பிள்ளைகளோடு போகும் பெற்றோருக்கும் பொருந்தும்.

படி 1: பாடத்திலிருந்து கூடத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆறாம் வகுப்பில் பழைய கற்காலம் நடத்துகிறீர்கள் என்றால் தொல்பழங்காலப் பொருள்கள் உள்ள பகுதி. 1863-இல் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் சேகரித்த பொருள்கள் எழும்பூரில் இருக்கின்றன. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், முகமே மாறும். ஆதிச்சநல்லூர்ப் பொருள்களும் இங்கே உண்டு.

பௌத்தம் நடத்தும்போது ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த சிற்பங்கள். சோழர் நடத்தும்போது செப்புத் திருமேனிகள், அதாவது உலோகத்தில் வார்த்த சாமி சிலைகள். இந்தக் கட்டுரைக்குச் செப்புத் திருமேனிக் கூடத்தையே எடுத்துக்கொள்கிறேன், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் எளிது.

படி 2: முதலில் நீங்கள் மட்டும் போய் வாருங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். எந்தக் கூடம் பராமரிப்புக்காக மூடியிருக்கிறது, கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எங்கே, மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட விடுவார்களா, படம் எடுக்கத் தனிக் கட்டணமா என்பதையெல்லாம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும் என்பதால் கூட்டமும் இருக்கும். வார நாள் காலையில், திறந்த கையோடு நுழைவது போல வைத்துக்கொள்ளுங்கள். புறநகர்ப் பள்ளிகளுக்கு எழும்பூர் ரயில் நிலையம் பக்கம் என்பதால் பஸ் வாடகை மிச்சம்.

அன்றைக்கே உங்கள் நான்கைந்து பொருள்களை முடிவு செய்துவிடுங்கள். பெரிய கூட்டம் நிற்க இடம் இருக்கிறதா, கண்ணாடியில் விளக்கு பட்டுக் கண் கூசுகிறதா, குள்ளமான பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: கடிதம் கொடுங்கள்

பள்ளியின் கடிதத்தாளில், தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு. மாதிரி கடைசியில் இருக்கிறது. கட்டணச் சலுகையும் காப்பாட்சியரின் (கூடத்துக்குப் பொறுப்பான அதிகாரி, curator) விளக்கமும் கடிதத்திலேயே கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும். பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்குவது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

படி 4: கேள்வித்தாள் தயாரியுங்கள்

முழுப் பயணமும் இதில்தான் இருக்கிறது. "இச்சிலை எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது?" என்று கேட்டால் பிள்ளைகள் சிலையைப் பார்க்க மாட்டார்கள். அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்ததற்கு ஓடுவார்கள். பதில் அட்டையில் இருக்கக் கூடாது, சிலையில் இருக்க வேண்டும்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரை எடுத்துக்கொள்வோம். பதினொன்றாம் நூற்றாண்டுச் சோழர் படைப்பு. கேள்வி: "கைகளை எண்ணு. வலப்பக்கம் எத்தனை, இடப்பக்கம் எத்தனை?" மொத்தம் மூன்றுதான். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் உமைக்கு ஒன்று. எண்ணியவுடன் பிள்ளைகள் "ஏன் சார்?" என்று கேட்பார்கள். உடனே சொல்லாதீர்கள். இடுப்பைப் பார், தோளைப் பார், ஆடையைப் பார், இரண்டு பக்கமும் எங்கே வேறுபடுகிறது என்று தேடச் சொல்லுங்கள். நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்தது போலவா இருக்கிறது, ஒரே உடம்பாகவா இருக்கிறது? ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்குச் சொல்லும் பதில்கள் பெரியவர்களையே யோசிக்க வைக்கும்.

அடுத்து, பீடங்கள். பெரும்பாலும் யாரும் பார்க்காத இடம். "பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருக்கின்றனவா? எதற்காக இருக்கும்?" இவை உற்சவ மூர்த்திகள். கழிகளைச் செருகிக் கட்டித் தோளில் தூக்கி வீதியுலா கொண்டுபோவதற்கான துளைகள் அவை. ஊர்த் திருவிழாவில் சாமி தூக்குவதைப் பார்த்த பிள்ளை ஒன்றாவது தானாகவே கண்டுபிடித்துவிடும். அந்த நொடியில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் உருவம் அதற்குத் தெரிந்த சாமியாகிவிடுகிறது. நடராசருக்கு: "எந்தக் காலைத் தூக்கியிருக்கிறார்? எந்தக் கை அந்தக் காலைக் காட்டுகிறது? கீழே கிடப்பவனின் முகம் எப்படி இருக்கிறது?"

ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். தாளில் பாதியைப் படம் வரைய வெற்றாக விடுங்கள். பேனா வேண்டாம், பென்சில் போதும்.

(அமராவதிக் கூடத்துக்குப் போனால் ஒரே கேள்வி போதும்: "இந்தச் சிற்பத்தில் புத்தர் எங்கே?" பழைய சிற்பங்களில் மனித உருவில் அவர் இருக்க மாட்டார். காலியான ஆசனம், பாதச் சுவடு, போதி மரம் என்று குறியீடாகத்தான் இருப்பார். பிள்ளைகள் தேடட்டும்.)

படி 5: அன்றைக்கு

பத்துப் பேருக்கு ஒரு பெரியவர். ஒரு குழு நடராசரிடம் இருந்தால் அடுத்தது அர்த்தநாரியிடம். முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது, பார்க்க மட்டும். பிறகு வரைவது. எழுதுவது அதற்கப்புறம். வரைந்துவிட்டு எழுதும் பிள்ளை, வரையாத பிள்ளை பார்க்காததையெல்லாம் எழுதும்.

"தொடாதே" என்பதை மட்டும் காரணத்தோடு சொல்லுங்கள். வீட்டுச் செப்புப் பாத்திரத்தில் பச்சைக் களிம்பு பிடிப்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். நம் வியர்வையில் இருக்கும் உப்பு செம்பை அரிக்கும். பூமிக்குள் பல நூறு ஆண்டு கிடந்த சிலைகளில் மண்ணின் உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும். அதைச் சுத்தப்படுத்தத்தான் இந்த அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கினார்கள். கோயில் சிலை ஏன் மண்ணுக்குள் போனது என்று அடுத்த கேள்வி வரும். ஆபத்துக் காலத்தில் புதைத்து வைத்தார்கள். பின்னாளில் யாரோ நிலத்தைத் தோண்டும்போது வெளிப்பட்டன. அப்படிக் கிடைப்பதை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1878-இலிருந்தே புதையல் சட்டம் இருக்கிறது. மண்வெட்டியில் தட்டுப்பட்ட சிலை எழும்பூருக்கு வந்து சேர்ந்த வழி அது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடத்துக்குள் வைத்திருக்காதீர்கள். பிறகு மரத்தடி, சாப்பாடு, விளையாட்டு. திமிங்கலத்தையும் காட்டிவிடுங்கள், ஆசைப்படுவார்கள்.

படி 6: வகுப்புக்குத் திரும்பியபின்

சோழர் சிலைகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்தவை. முதலில் மெழுகில் உருவம், அதன்மேல் வண்டல் மண் பூச்சு, காய்ந்தபின் சூடாக்கினால் மெழுகு உருகி வடியும், அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம். ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். அதனால் ஓர் அச்சில் ஒரே சிலைதான். சுவாமிமலையில் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். வகுப்பில் நெருப்பு வேண்டாம். களிமண்ணில் ஒரு சிப்பியை அழுத்தி எடுத்து, பள்ளத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றுங்கள். இறுகியதும் மண்ணைப் பிய்த்து எடுத்தால் அச்சு என்பது என்ன என்று கைக்கே புரிந்துவிடும்.

இன்னொன்று, வகுப்பிலேயே ஒரு சின்ன அருங்காட்சியகம். வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள்: பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, நெல் அளக்கும் மரக்கால், பழைய காசு, எதுவானாலும். பக்கத்தில் பிள்ளையே எழுதிய அட்டை. எதனால் ஆனது, யார் பயன்படுத்தினார்கள், எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று மூன்றே வரி. மூன்று வரி எழுத, பாட்டியிடம் அரை மணி நேரம் பேசியாக வேண்டும்.

சென்னைக்கு வர முடியாதவர்களுக்கு

முறை அதேதான், இடம்தான் வேறு. வேலூர்க் கோட்டைக்குள் ஓர் அரசு அருங்காட்சியகம், திருச்சியில் ராணி மங்கம்மாள் மண்டபத்தில் ஒன்று, புதுக்கோட்டையில் 1910-இல் தொடங்கியது ஒன்று. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் செப்புத் திருமேனிகளே இருக்கின்றன. மதுரை, சிவகங்கைப் பக்கம் என்றால் 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம். அங்கே பெயர் கீறிய பானை ஓடுகளின் முன் நிறுத்தி, எழுத்து எழுத்தாகப் பார்த்து வரையச் சொல்லுங்கள்.

கடித மாதிரி

அனுப்புநர்: தலைமை ஆசிரியர், (பள்ளியின் பெயர், ஊர்)
பெறுநர்: இயக்குநர் அவர்கள், அரசு அருங்காட்சியகம், எழும்பூர், சென்னை.

பொருள்: மாணவர் கல்விப் பயணம் – அனுமதி கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர், வணக்கம். எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவர்கள் (எண்ணிக்கை) பேரும் ஆசிரியர்கள் (எண்ணிக்கை) பேரும் (நாள்) அன்று காலை தங்கள் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தைப் பார்வையிட விரும்புகிறோம். மாணவர்கள் அங்கே பென்சிலால் படம் வரைய அனுமதியும், நுழைவுக் கட்டணத்தில் சலுகையும், காப்பாட்சியர் அவர்களின் சிறு விளக்கவுரையும் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாணவர் பெயர்ப் பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து, பள்ளி முத்திரை)