தூக்க மாத்திரையைச் சொல்லாமல் விட்டோம்: அம்மாவின் ஆஸ்பத்திரி நாட்களில் நடந்த தவறுகள்

குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். சர்க்கரை, பிரஷர் என்றோம். ஒன்பது வருஷமாக இரவில் போடும் அல்பிரசோலத்தைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, எங்கள் வீட்டில் அது மருந்துக் கணக்கிலேயே வராது. "தூக்கத்துக்கு ஒண்ணு", அவ்வளவுதான். அட்டையில் சிவப்புக் கட்டம் இருக்கும். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச்1 வகை அது. பழைய அட்டையைக் காட்டியே வாங்கிக்கொண்டிருந்தோம்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாளே கை நடுக்கம், வியர்வை. அதற்கடுத்த இரவு அம்மா போர்வை நுனியைப் பிடித்துப் பூக்கட்ட ஆரம்பித்தார். இல்லாத பூவை எடுத்து இல்லாத நாரில் முடிச்சுப் போட்டு, "இன்னும் கொஞ்சம் நாரு எடுத்தாடி" என்றார். வயசானவங்களுக்கு இப்படித்தான் ஆகும் என்று சொல்லி, கையைக் கட்டிலோடு கட்டினார்கள். விடிகாலையில் வலிப்பு வந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு முதியவர்களுக்குக் குழப்பம் வருவது உண்மைதான். அதற்காக வயசின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகக்கூடாது. நடுக்கமும் வியர்வையும் கூட வந்தால், எந்த மருந்து நின்றுபோனது என்று தேட வேண்டும். அல்பிரசோலம் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும், அதனால் திடீரென நிறுத்தியதன் விளைவு ஓரிரு நாளில் தெரிந்துவிடும். அதே வகை மாத்திரையான டயாஸிபாம் என்றால் ஒரு வாரம்கூட ஆகலாம். அதற்குள் வீட்டுக்கே வந்திருப்போம்.

"தூக்க மாத்திரை போடுவாங்களா?" டியூட்டி டாக்டர் ஒருவர்தான் கடைசியில் கேட்டார். மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

சரி, அதோடு முடிந்ததா? டிஸ்சார்ஜ் அன்று, "இனிமே இதை நிறுத்திடுங்க" என்றார்கள். எப்படி என்று சொல்லவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடு என்றார் சித்தி. இரண்டுமே ஆபத்து. விட்டு விட்டுக் கொடுத்தால் உடம்பு ஒவ்வொரு முறையும் தவிக்கும். டாக்டரின் கண்காணிப்பில், தினமும் கொடுத்துக்கொண்டே அளவைத்தான் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

குடி திடீரென நின்றாலும் இப்படித்தான் ஆகும். அதனால் குடிப்பழக்கம் உள்ளவரைச் சேர்க்கும்போதும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். 2 முதல் 4 நாளுக்குள் வரும் பிதற்றல் உயிரையே பறிக்கலாம்.

அம்மாவுக்கு இது ஐந்தாவது மாதம். 0.5 மில்லிகிராமிலிருந்து 0.25க்கு வந்திருக்கிறோம். காலி அட்டைகளைக்கூடத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதுவும் கூட வருகிறது.