வான்கோழி வேட்டைக்கு ஷாட்கன்னை மறைப்பது: காசை வீணாக்கும் தவறுகள்

மார்ச் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் எங்கள் பக்கம் புதிதாக வேட்டைக்கு வரும் நம்மவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "அண்ணா, என் ஷாட்கன் வெறும் கறுப்பு. இலை டிசைன் போட்டது ஒன்று தனியாக வாங்கணுமா?" வேண்டாம். ஒரே துப்பாக்கியில் இலை டிசைன் அச்சிட்ட மாடல் கறுப்பு மாடலைவிட விலை கூடுதல். அந்தக் கூடுதல் காசுக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

உரிமம் எடுப்பதற்கான பயிற்சி வகுப்பிலேயே சொல்லித்தரும் விஷயங்களை இங்கே தொடப்போவதில்லை. ஊரில் வேட்டையைக் கட்டுப்படுத்திய 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்கள் நாம். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கும் தாத்தாவையோ மாமாவையோ பார்த்து வளரவில்லை. கடைக்காரர் எடுத்துக் காட்டுவதை அப்படியே நம்பி வாங்கிவிடுகிறோம். ஆரம்பத்தில் நான் செய்த பிழைகளையே இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நிறத்துக்குப் பயப்படுவது

வான்கோழிக்கு மோப்ப சக்தி மிகக் குறைவு. கண்ணை வைத்துத்தான் பிழைக்கிறது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கழுத்தைத் திருப்பாமலே சுற்றுவட்டத்தில் பெரும்பகுதியைப் பார்த்துவிடும். நிறங்களை நம்மைவிட நுணுக்கமாகப் பிரித்தறியும், புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். இதைக் கேட்டதும் துப்பாக்கியின் நிறத்தை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஆனால் முழங்காலில் அசையாமல் சாய்த்து வைத்த கறுப்புக் குழல் கோழியை விரட்டுவதில்லை. அதை விரட்டுபவை இரண்டு: பளபளப்பு, அசைவு. நீலப்பூச்சுக் குழலும் வால்நட் கட்டையும் கொண்ட சாதாரணத் துப்பாக்கிகளை வைத்துத்தான் இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக வான்கோழிச் சேவல் அடித்தார்கள்.

உங்கள் துப்பாக்கியைக் குண்டு இல்லாமல் காலை வெயிலில் ஒரு நண்பரிடம் கொடுத்து, முப்பது தப்படி தள்ளி உட்காரச் சொல்லுங்கள். குழலை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். வெளிச்சம் பட்டு மின்னவில்லையா? ரெமிங்டன் 870 எக்ஸ்பிரஸ் போன்ற மங்கல் பூச்சுத் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் மின்னாது. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே எடுத்துப் போங்கள். மின்னினால் மட்டும் அடுத்த பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

பசை டேப்பை ஒட்டிவிட்டு மறந்துபோவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான். கடையில் இருப்பதிலேயே மலிவானது இலை டிசைன் போட்ட துணி டேப். பின்பக்கம் பசை இருக்கும். குழலைச் சுற்றி ஒட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும். கெடுதல் எல்லாம் அடியில் நடக்கிறது.

குழலின் நீலக்கறுப்பு நிறம் பெயின்ட் அல்ல. எஃகின் மேற்பரப்பிலேயே வேதிமுறையில் உண்டாக்கிய மெல்லிய ஆக்சைடு படலம். மேலே எண்ணெய் இருக்கும்வரைதான் அது எஃகைக் காக்கும். டேப் ஒட்ட வேண்டும் என்றால் முதலில் அந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். அப்புறம் ஏப்ரல் மாதத்துப் பனி, மழை, கை வியர்வையின் உப்பு எல்லாவற்றையும் துணி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சீசன் முடிந்ததும் அதே கோலத்தில் பஞ்சு வைத்த பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே ஈரம் காய வழியே இல்லை.

எங்கள் வட்டத்தில் ஒரு தம்பி, பளபளவென்று மெருகேற்றிய பழைய பம்ப் ஷாட்கன் (முன்கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) ஒன்றை நல்ல விலைக்கு வாங்கியிருந்தான். முதல் சீசனுக்குக் குழல் முழுக்க டேப் சுற்றினான். அந்த வருடம் நல்ல மழை. செப்டம்பர் முதல் தேதி புறா சீசன் தொடங்குகிறது என்று பெட்டியைத் திறந்தவன் என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, டேப் பிரிய மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். துணி தனியாகக் கிழிந்து வந்தது, பசை குழலிலேயே தங்கிவிட்டது. மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பானைத் தொட்டுத் துடைக்கத் துடைக்க, டேப்பின் ஒவ்வொரு சுற்றும் மடிந்த ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. அந்தக் கோடுகள் குழலின் நுனியிலிருந்து அடிவரை சுருள் சுருளாகப் போயின. நகத்தால் வருடினால் குழி தட்டுப்பட்டது. மேலோட்டமான துரு என்றால் எண்ணெய் தொட்ட மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்த்து எடுத்துவிடலாம். குழி விழுந்துவிட்டால் சுற்றியுள்ள எஃகை இழைத்து, மெருகேற்றி, புதிதாக நீலப்பூச்சு கொடுப்பதுதான் வழி. அதற்குத் துப்பாக்கி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். கட்டையில் ஒட்டியிருந்த டேப்போ உரியும்போது வார்னிஷையும் கூடவே உரித்துக்கொண்டு வந்தது. ஒரு டேப் சுருளால் வந்த நஷ்டம் இவ்வளவு.

டேப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பசை இல்லாமல் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சுற்றுப்பட்டை கிடைக்கிறது, அடிபட்ட காலுக்கு விளையாட்டு வீரர்கள் சுற்றும் பட்டை மாதிரி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. குழலில் எண்ணெயை மெல்லிய படலமாக விட்டுவிட்டே சுற்றலாம், பிரித்து மறுபடியும் பயன்படுத்தலாம். ஆனால் இதுவும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நனைந்த நாளில் வீடு வந்ததும் பிரியுங்கள், துடையுங்கள், எண்ணெய் போடுங்கள். சீசன் முடிந்த அன்றே முழுவதையும் கழற்றிவிடுங்கள். அதற்குக்கூடச் சோம்பலாக இருந்தால் துப்பாக்கி மின்னிக்கொண்டே இருக்கட்டும், பரவாயில்லை.

ஓடும் பாகங்களைச் சேர்த்துச் சுற்றுவது

பம்ப் துப்பாக்கியில் முன்கைப்பிடி ஓடும் வழியில் பட்டை தடித்திருந்தால் உரசும். பிடி முழுதாகப் பின்னே வராவிட்டால் அடுத்த தோட்டா ஏறாது. முழுதாக முன்னே போய்ப் பூட்டாவிட்டால் டிரிக்கரை அழுத்தினாலும் சுடாது. தோட்டா ஏறும் வாய், வெளியேறும் வாய், சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான்) மூன்றையும் திறந்தே விடுங்கள். மாஸ்பெர்க் 500-இல் சேஃப்டி மேலே, கட்டைவிரலுக்கு நேராக இருக்கிறது. ரெமிங்டன் 870-இல் டிரிக்கருக்குப் பின்னால் இருக்கிறது. கையுறை போட்ட விரலுக்கு இரண்டுமே தடையில்லாமல் கிடைக்க வேண்டும். சுற்றி முடித்ததும் போலித் தோட்டாக்களை ஏற்றிப் பலமுறை இழுத்துப் பாருங்கள்.

அவசரமாக ஸ்ப்ரே அடிப்பது

மங்கல் பெயின்ட் ஒரு டப்பா பத்து டாலருக்குள் கிடைக்கும். மலிவான துப்பாக்கிக்கு இதுவே சிறந்த வழி என்பது என் எண்ணம், ஏனென்றால் இது ஈரத்தைப் பிடித்து வைக்காது. எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் நீக்குங்கள். சீரியல் எண், குறிமணி (குறிபார்க்கக் குழல் நுனியில் இருக்கும் சிறு மணி), டிரிக்கர், சேஃப்டி, உள்பாகங்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். குழல் வாயில் பழைய சோக் (ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள், சிதறும் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு குழாய்) ஒன்றைத் திருகி வையுங்கள், மரையில் பெயின்ட் இறங்காது. மெல்லிய பூச்சாகப் பல தடவை அடியுங்கள். பச்சையும் பழுப்பும் போதும்.

வால்நட் கட்டைக்குப் பெயின்ட் அடிப்பது

கூடாது. விற்கப்போகும்போது அதன் விலை தெரியும்.

சிவப்புத் தோட்டாவைக் கட்டையில் செருகி வைப்பது

வசந்த காலத்தில் சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். காட்டில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரர் கண்ணுக்கு அந்த மூன்றில் எதுவும் உங்கள்மேல் தெரியக் கூடாது. கேமோ (இலை டிசைன்) உடையில் மறைந்திருக்கும்போது சிவப்பு மட்டும் தனியாக அசைவது இன்னும் ஆபத்து. தோட்டாக்களைப் பைக்குள் வையுங்கள். அடித்த கோழியைத் தூக்கி வரும்போது ஆரஞ்சுத் துணியால் மூடுங்கள்.

எச்1பி விசாவில் இருந்துகொண்டு உரிமத்தைத் தள்ளிப்போடுவது

செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் வரும் முன் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்காதீர்கள். கூட்டாட்சிச் சட்டம் இதில் கடுமையானது.

முகத்தையும் கையையும் விட்டுவிடுவது

துப்பாக்கிக்கு நாள்கணக்கில் வேலை பார்த்துவிட்டு முகவலையும் கையுறையும் இல்லாமல் வருபவர்களைப் பார்க்கிறேன். உட்கார்ந்த பிறகு அசைவது துப்பாக்கி அல்ல, உங்கள் கையும் முகமும்தான். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாயுங்கள். வலக்கைக்காரர் என்றால் கோழி வரும் திசைக்கு இடது தோளைக் காட்டி உட்கார்ந்து, இடது முழங்காலில் குழலைத் தாங்குங்கள். கோழியின் தலை மரத்துக்குப் பின்னால் மறையும் நொடியில் மட்டும் குழலை நகர்த்துங்கள்.

மிச்சக் காசைக் கடையிலேயே விட்டுவருவது

இலை டிசைனில் மிச்சம் பிடித்த காசில் நல்ல டர்க்கி சோக் (வான்கோழிக்கான இறுக்கமான சோக்) ஒன்றும், இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களும் வாங்குங்கள். மிசௌரியில் 4-ஆம் எண்ணைவிடப் பெரிய ரவை கூடாது (எண் குறையக் குறைய ரவை பெரிது), அதைப் பார்த்து வாங்குங்கள். 40 கெஜத்தில் பெரிய காகிதம் கட்டி, நடுவில் 10 அங்குல வட்டம் வரைந்து, ஒவ்வொரு வகையிலும் சுட்டு, வட்டத்துக்குள் விழுந்த துளைகளை எண்ணுங்கள். குறைந்தது நூறு துளைகள் இருக்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. ஒரே துப்பாக்கி ஒரு தோட்டாவில் அதைத் தாண்டும், இன்னொன்றில் பாதிகூட வராது. பிறகு 15 கெஜத்திலும் ஒன்று சுட்டுப் பாருங்கள். இறுக்கமான சோக்கில் அங்கே எல்லா ரவையும் ஒரு முஷ்டி அளவுக்குள் போகும். மிக அருகில் வரும் சேவலைப் புதியவர்கள் தவறவிடுவது அதனால்தான். பட்டையோ பெயின்ட்டோ புதிதாகப் போட்டிருந்தால் இந்தச் சோதனையை அதற்குப் பிறகு செய்யுங்கள்.