மொட்டை மாடியில் ஓர் ஆல்பம்: நாலு பேர் கூடிக் கேட்டுப் பேசுவது எப்படி?

மாதம் ஒரு ஞாயிறு, மதுரை தல்லாகுளத்தில் ஒரு மொட்டை மாடியில் ஐந்து பேர் கூடி, ஓர் ஆல்பத்தை முழுசாகக் கேட்டுவிட்டுப் பேசுகிறோம். எங்களின் முதல் கூட்டம் படுதோல்வி. பிடித்த பாட்டு முப்பதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நாலாவது பாட்டில் ஜிகர்தண்டா வந்தது, ஐந்தாவதில் கிரிக்கெட் வந்தது, அதோடு சரி. அந்தச் சொதப்பலில் கற்றதுதான் கீழே இருப்பது.

1. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற ஆல்பமாக இருக்கட்டும். பழைய எல்.பி. இசைத்தட்டில் பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம்தான். அந்தக் கணக்கில் செய்த ஆல்பங்கள் ஒரு மாலைக்குச் சரியாகப் பொருந்தும். நம்மில் பலருக்கு ஆல்பமாகக் கேட்டுப் பழக்கமில்லை. அப்போதெல்லாம் கடையில் வாங்கிய கேசட்டில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம் இருக்கும். இல்லாவிட்டால் தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்குவோம். எல்லாமே உதிரிப் பூ.

2. இடமும் நேரமும்

முகூர்த்த நாள், சித்திரைத் திருவிழா, ஆடி வெள்ளி மூன்றும் வேண்டாம். தெருக்கோடி ரேடியோ செட்டோடு போட்டி போட முடியாது. பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கர் போதும். செல்போன்களை ஒரு தாம்பாளத்தில் போட்டு மூலையில் வைத்துவிடுங்கள்.

3. வரிசை மாற்றாமல் கேளுங்கள்

பிறகு ஒரு கூட்டத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது 1986-ல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, படத்துக்காக இல்லாத வாத்திய இசை. (அவர் பிறந்த பண்ணைப்புரம் அன்றைக்கு மதுரை மாவட்டம்தான், 1996-ல்தான் தேனி தனியாகப் பிரிந்தது.) ஜெர்மன் இசையமைப்பாளர் பாகுக்கும் (Bach) தியாகராஜருக்கும் சமர்ப்பித்த ஆல்பம் அது. அதில் ஓர் இசைத் துண்டின் பெயர் ‘பாகை என் வீட்டில் சந்தித்தேன்’ என்று பொருள்படும். அடுத்ததன் பெயர் ‘...அப்புறம் பேசினோம்’. வரிசையைக் கலைத்துப் போட்டால், ஆள் வருவதற்கு முன்பே பேச்சு முடிந்துவிடும்!

கேட்கும்போது யாரும் பேசக் கூடாது. ஆல்பம் கொண்டுவந்தவருக்குத்தான் இது சிரமம். ‘இப்ப வருது பாரு’ என்று அவர் நாக்கு துறுதுறுக்கும். கையில் தாளும் பேனாவும் கொடுத்துவிடுங்கள். மனசு நிமிர்ந்த இடம், சலித்த இடம் எதுவானாலும் எத்தனையாவது நிமிடம் என்று எல்லாரும் குறித்துக்கொள்ளட்டும்.

4. பேச்சு

எல்லாக் கூட்டமும் கெடுவது இங்கேதான். ‘சூப்பர்’ என்றாலும் ‘மொக்கை’ என்றாலும் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அதனால் முதல் சுற்றில் அந்த இரண்டு சொல்லுக்கும் தடை. தாளில் குறித்த ஓர் இடத்தை மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நண்பன் ஒருவன், “பாட்டே இல்லையேடா மாப்ள, இது எந்தப் படம்?” என்றான். சிரித்தோம். ஆனால் கூட்டத்தில் மூத்தவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், சிரிக்கவில்லை. “நீ கேட்டது சரிதான் தம்பி. பாட்டு இல்லாததால எங்க உனக்குப் பிடி விட்டுப்போச்சு, அதைச் சொல்லு” என்றார். அவன் தாளைப் பார்த்துவிட்டு, ‘பாகை சந்தித்தேன்’ நடுவில் என்றான். மறுபடி போட்டோம். பாக் தனி வயலினுக்கு எழுதியதோடு ராஜா தன்னுடைய இழைகளையும் சேர்த்துப் பின்னியிருக்கிறார். எது யாருடையது என்று பிரித்துக் கேட்பதிலேயே அரை மணி நேரம் போனது.

வாதம் முற்றினால் குரலை உயர்த்தாதீர்கள், அந்த அரை நிமிடத்தை இன்னொரு தடவை போடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீரும். ராஜாவா ரகுமானா என்று ஆரம்பிப்பவர் தலையில் அன்றைய டீச் செலவு. இந்த ஆல்பத்திலேயே ‘ஒப்பிடாதே’ என்ற பொருளில் ஒரு துண்டு இருப்பது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

5. அடுத்த முறை

யாருக்கு இந்த ஆல்பம் பிடிபடவே இல்லையோ, அடுத்ததை அவர் கொண்டுவரட்டும். எங்கள் கூட்டத்தில் ‘எந்தப் படம்’ என்று கேட்டவன் முறை வந்திருக்கிறது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரமாம். எங்கள் குட்டி ஸ்பீக்கர் அதைத் தாங்காது. பெரிசாக ஒன்று இரவல் கேட்டிருக்கிறோம்.